இங்கிலீஷில் பயந்தவன்

எங்கள் பக்கத்தில் பயம் என்பது நல்ல குணம். "அந்தப் பையனுக்கு பயம் இருக்கு" என்றால் ஒழுக்கமானவன் என்று அர்த்தம். "பயம் விட்டுப்போச்சு" என்றால் கெட்டுவிட்டான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியிலும் சூப்பர்வைசர் வாயில் அந்த வார்த்தை அப்படித்தான் புழங்கும். அவருக்கு நாங்கள் பயப்பட வேண்டும். மெஷினைக் கண்டு மட்டும் பயப்படக் கூடாது.

எனக்கு மெஷினைக் கண்டுதான் பயம். தகடு வெட்டும் பவர் பிரஸ் அது. தகட்டைக் கையால் உள்ளே வைத்து, கையை எடுத்து, பட்டனை அழுத்த வேண்டும். கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அதனால் வேலை அடிக்கடி நிற்கிறது, உற்பத்தி குறைகிறது என்று அதைத் துண்டித்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் மெஷின், ஒரு தடவை அழுத்தினால் சில சமயம் இரண்டு தடவை இறங்க ஆரம்பித்தது. அந்த இரண்டாவது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சோறு பிசையும்போதுகூட என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். "இன்னா, டர்ராயிட்டியா? மெஷின் இன்னா உன்னக் கடிச்சிடுமா?" என்றார். மொத்த லைனும் சிரித்தது. பக்கத்து மெஷினில் நிற்கும் ஆரணிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு அண்ணன் மாதிரி. சாப்பாட்டு நேரத்தில் அவர்தான் யோசனை சொன்னார். "தமிழ்ல சொன்னா சிரிக்கிறானுங்க நைனா. பிளான்ட் ஹெட் வர்றப்ப இங்கிலீஷ்ல சொல்லு. அப்பதான் மதிப்பானுங்க."

எனக்கும் அது சரியென்றே பட்டது. "மன்னிச்சுடு" என்று சொல்ல நாக்கு எழாதவன்கூட "சாரி" சொல்லிவிடுகிறான். கூச்சமானதையெல்லாம் நாம் இங்கிலீஷில்தானே சொல்லித் தொலைக்கிறோம்.

என் மனைவி கவரைப்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். என்ன வார்த்தை சொல்லலாம் என்று அவளிடம் கேட்டேன். காய்கறிக்காரி மாதிரி எடைபோட்டுத்தான் கொடுத்தாள். "அஃப்ரெய்டுன்னா நாயைப் பார்த்து பசங்க சொல்றது. ஸ்கேர்டு பேய்ப் படத்துக்கு. நெர்வஸ் பரீட்சைக்கு. டென்ஷன்னு சொன்னா எவனும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான், ஊரே அதைத்தான் சொல்லிக்கினு கீது." கடைசியில், "ஆங்சைட்டின்னு சொல்லு. எங்க பிரின்சிபாலே அதுக்குத்தான் ஒரு வாரம் லீவு போட்டாங்க," என்றாள். பிரின்சிபாலுக்கே வருவதென்றால் கௌரவமான பயமாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன்.

காலை மீட்டிங்குக்கு பிளான்ட் ஹெட் வந்தார். தமிழ் தெரியாதவர். "எனி பிராப்ளம்?" என்று கேட்டதும் கையைத் தூக்கினேன். "சார், பிரஸ் மெஷின். ஐ ஹேவ் ஆங்சைட்டி." அவர் முகம் இளகியது. கிட்ட வந்து தோளில் கை வைத்தார். இதை வெளியே சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இங்கிலீஷில் பாராட்டினார். எல்லாரையும் கை தட்டச் சொன்னார், தட்டினார்கள். மெஷின் பக்கம் ஒரு தடவைகூட அவர் திரும்பவில்லை.

அன்றைக்கே கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். தூக்கம் வருகிறதா, வீட்டில் சண்டையா, குடிப்பதுண்டா என்று கேட்டார். மெஷின் இரண்டு தடவை இறங்குகிறது என்றேன். அப்படித் தோன்றுவது சகஜம் என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கோளாறு எனக்கில்ல சார், மெஷினுக்கு!" என்று கத்தினேன். அதையும் நோயின் கணக்கில் சேர்த்து மாத்திரை கொடுத்தார். சூப்பர்வைசர் கேலி செய்தபோதுகூட அந்தக் கேலியில் மெஷின் இருந்தது. இங்கிலீஷில் நான் மட்டும்தான் இருந்தேன்.

என்னை பேக்கிங்குக்கு மாற்றி, அட்டைப்பெட்டி ஒட்ட வைத்தார்கள். என் மெஷினில் ஆரணிக்காரரை நிறுத்தினார்கள். "அண்ணா, நீயும் மாட்டேன்னு சொல்லிடு," என்றேன்.

"உன்ன மாதிரி மெண்டல்னு பேர் வாங்கிக்கினு நிக்க சொல்றியா? பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறேன்," என்றார்.

மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அது நடந்தது. அவர் அலறியது பேக்கிங் வரைக்கும் கேட்டது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. மறுநாள் மீட்டிங்கில் பிளான்ட் ஹெட் தலையைக் குனிந்துகொண்டு, "வீ ஆர் ஆல் ஷாக்டு," என்றார். அவருக்கு அதிர்ச்சியாம். அவர் வாயில் அந்த வார்த்தை எவ்வளவு சுத்தமாக இருந்தது! அவரை யாரும் டாக்டரிடம் அனுப்பவில்லை. சென்சாரை அன்று மதியமே மாட்டிவிட்டார்கள். அரை மணி நேர வேலைதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரணிக்காரர் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீ குடுத்து வெச்சவன் நைனா. உனக்கு அந்த ஆங்சைட்டி இருந்துது, தப்பிச்சுக்கின," என்றார்.

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"எனக்குத்தான் உடம்புல ஒரு கோளாறும் இல்லாம போச்சு."