பச்சைச் செடிகளையும் தோண்டச் சொன்னேன்

கவிதா, தினேஷ், உங்கள் அம்மாவின் மார்பில் புற்றுநோய்க் கட்டி இருப்பதை எடுத்துச் சொன்ன டாக்டரம்மா, கடைசியில் என்னைப் பார்த்து, "ஆர் யூ ஹேப்பி வித் தட்?" என்று கேட்டார். இங்கிலாந்தில் எதற்கும் இப்படித்தான் கேட்பார்கள். சம்மதமா என்று அர்த்தமாம். எனக்கு அன்றைக்குத் தெரியாது. இதைச் சொல்லிவிட்டுச் சந்தோஷமா என்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. "நோ ஹேப்பி!" என்று மேசையைத் தட்டினேன்.

சித்தி வீட்டில் உட்கார்ந்து அழாதீர்கள். ஆரம்பத்திலேயே அகப்பட்டுவிட்டது, ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் நாள். அதற்கு முன் ஆராய்ச்சிக்காக ஒரு எம்.ஆர்.ஐ. படம் வேண்டுமென்றார். கையில் ஏற்றும் மருந்து கட்டிக்குள் எவ்வளவு வேகமாய்ப் போகிறது, எப்போது வெளியேறுகிறது என்று அதில் தெரியுமாம். ஒரே அளவுக் கட்டிகளில் ஒன்று வருடக்கணக்காய்த் தூங்கும், இன்னொன்று பரவும். வெட்டாமலே அதன் குணத்தை அறிய முடியுமா என்று பார்க்கிறார்களாம். தோட்டத்தில் துரைமார் நம் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணினது போதாதா? உடம்புக்குள்ளேயும் பார்க்க வேண்டுமா?

பொகவந்தலாவையில் நான் வேலை செய்த மலையில் தேயிலைக்கு வேர்நோய் வந்தால் யாரும் படம் பிடிக்கவில்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கையை நீட்டுவார். பட்ட செடியோடு, சுற்றிலும் பச்சையாய் நிற்கிற செடிகளையும் வேரோடு தோண்டி எரிப்போம். கதை முடிந்தது.

"ரெண்டு பக்கமும் எடுத்துறச் சொல்லு," என்றேன் அம்மாவிடம். ஆங்கிலம் அவளுக்குத்தான் வரும். முதியோர் இல்லத்து வேலை அவளுடையது. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான்.

"சொல்ல மாட்டேன்."

"நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"கண்டாக்கு மாதிரி கைய நீட்டாதீங்க. நான் என்ன தேயில மரமா? பயமா இருந்தா வெளிய போய் நின்னு பயப்படுங்க."

நாங்கள் கலந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, "டேக் யுவர் டைம்," என்று சிரித்தார் டாக்டரம்மா. அந்தச் சிரிப்பில் வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. அம்மா பேனாவை வாங்கி, படம் எடுக்கச் சம்மதமென்று கையெழுத்துப் போட்டாள். என்னைக் கேட்கவில்லை.

நேற்றுதான் படம் எடுத்தார்கள். மெஷின் முழுக்கக் காந்தம், உலோகம் ஆகாது என்றதும், அம்மா தாலியைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தியதும் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் தொடங்கியது. தாலியைப் பையில் போட மனம் வரவில்லை. ஆளில்லாத மாடிப்படிக்குப் போய், அதை என் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நான் வேலை செய்யும் கம்பனியின் பெயர் அச்சிட்ட குளிர் ஜாக்கெட்டின் சிப்பைத் தொண்டை வரை இழுத்துவிட்டேன்.