இந்து போடாத ஓட்டு

இந்துவை அடக்கமான பெண் என்று யாரும் சொன்னதில்லை. கான்சாபுரத்தில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர். நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸை மறுநாள் நடுரோட்டில் மறித்து, "நாங்கள்லாம் மனுசியாத் தெரியலையா ஒனக்கு?" என்று டிரைவரைக் கேட்டவள் அவள். அப்பேர்ப்பட்டவளை வீட்டுக்குள்ளேயே ஒருத்தர் ஏமாற்றினால் எனக்கு எப்படிப் பொறுக்கும்?

கொரோனா வந்த மறு வருஷம் நடந்த தேர்தல் அது. தேர்தல் வேலைக்குப் போகிற எங்களுக்குத் தபால் ஓட்டு. உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஓட்டுச்சீட்டைப் பீரோவில் வைத்திருந்தாள் இந்து. யாருக்கு என்று முடிவு செய்து குறி வைத்து அனுப்புவதுதான் பாக்கி.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் கணவர் பாண்டிச்செல்வமும் இருந்தார். கட்சிக்காரர்.

"நாளைக்கு அந்த ஓட்டைப் போட்டுரணும்," என்றாள் இந்து.

"அதான் போட்டாச்சே," என்றார் அவர்.

"ஐயையோ! வெறுஞ்சீட்டையா? எந்தத் தபால்பெட்டியில போட்டிய?"

"பெட்டியில எங்க போட்டேன்? நம்ம ஆளுக்குல்லா போட்டேன்! கவரையும் ஒட்டி பைக் பெட்டியில வச்சாச்சு. கட்சி ஆபீஸ்ல காட்டிட்டு அனுப்பணும்."

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார், அந்த மனுசன். கடிதமும் போடுவதுதான், ஓட்டும் போடுவதுதான். யார் போட்டாலென்ன என்று நினைத்துவிட்டார் போல! இந்து எழுந்துபோய் அவர் பைக் பெட்டியைத் திறந்து கவரை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை என் ஸ்கூட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்தல் அலுவலகத்துக்குப் போனோம். பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்தார் பாண்டிச்செல்வம்.

அதிகாரி நல்ல மனுசன். இந்து நடந்ததைச் சொன்னதும், "கை தவறி நீங்களே தப்பாப் போட்டுட்டதா எழுதிக் குடுங்கம்மா. வேற சீட்டுக்கு வழி இருக்கான்னு பாக்கேன்," என்றார்.

"கை தவறல சார். என் கையே படல. இவியதான் போட்டது."

"அப்படி எழுதினா இவர் மேல கேஸ் ஆகும்மா. அடுத்தவங்க ஓட்டுச்சீட்ட வச்சிருந்தாலே ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல அபராதம், ரெண்டுமே கூட ஆகலாம். ஒங்களுக்குப் புதுச் சீட்டு கெடைக்குமான்னும் சொல்ல முடியாது."

பாண்டிச்செல்வத்தின் முகம் செத்துப்போனது. "ஏட்டி, நான் என்ன களவாணியா? ஒம் புருசன்தான? ரெண்டு பொம்பளப் பிள்ளைகள நெனச்சுப் பாரு."

நானும் அவள் பக்கம் சாய்ந்து, "கை தவறிட்டுன்னு எழுதிருட்டி," என்று அவள் காதில் சொன்னேன்.

என்னை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள்!

"அதுகள நெனச்சுத்தான் எழுதப்போறேன். நாளைக்கு அதுகளுக்கு ஓட்டு வந்தாலும் இவியதான் போடுவாவளா?"

அதிகாரியிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினாள். முதல் வரியிலேயே கணவர் பெயரை இனிஷியலோடு எழுதினாள்.