எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த ஞாயிறுகள்

அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய நற்குணங்களை மட்டும் எழுதித் தரும்படி அம்மா கேட்டார்கள். எழுதப் பார்த்தேன். எழுத எழுத அப்பா என்னைவிட்டு விலகிப் போனார். யாரோ ஒருவருடைய கல்லறைக் கல்லில் வெட்டிய வாசகமாக ஆனார். கிழித்துப் போட்டுவிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கும் தெரிந்ததையே எழுதினேன். அம்மா படித்துவிட்டு, "இருக்கட்டும். அவரே எழுந்து நின்னு சொன்னதுதானே" என்றார்கள்.

அப்பா பிறந்தது கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். தாத்தா காலத்திலேயே குடும்பம் ஞானஸ்நானம் பெற்றிருந்தது. தண்ணீர் நெற்றியில் விழுந்தது. சாதி காதுக்குப் பின்னால் காய்ந்த மண்ணாக ஒட்டிக்கொண்டே இருந்தது. தாயைச் சிறு வயதிலேயே இழந்த அப்பா, தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தார். மாடு மேய்த்துக்கொண்டே படித்து, மிஷன் பள்ளியில் ஆசிரியரானார். தம்பியையும் அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குக் குடிவந்தார். அந்தத் தம்பிதான் என் சித்தப்பா. எங்கள் தெருவிலேயே விறகு விற்கும் தொட்டி வைத்தார்.

எங்கள் தெருவின் கிறிஸ்தவ வீடுகள் எல்லாம் ஒரே சாதி. ஏரிக்கு அந்தப் பக்கம் காலனி. அங்கும் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். ஒரே ஆலயம், ஒரே போதகர் ஐயர், ஒரே பாட்டு. ஆனால் எங்கள் ஆட்கள் முன்னால் உட்காருவார்கள், அவர்கள் பின்னால். அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு நாங்கள் முழங்காலிட்டு எழுந்த பிறகே அவர்கள் வருவார்கள். பாத்திரம் ஒன்றுதான். அது எங்கள் உதடுகளிலிருந்து அவர்கள் உதடுகளுக்குப் போகும். அங்கிருந்து எங்களிடம் வராது. எழுதிவைத்த சட்டமில்லை. மீறியவரும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை. அடைமழை. தீபத்துக்கு வந்த கூட்டம் நகரெங்கும் நனைந்துகொண்டிருந்தது. காலனியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஏரிக்கரைப் பாதை உடைத்துக்கொண்டதால், அவருடைய மகன் கொத்தனார் தேவநேசன் அண்ணன், சவப்பெட்டியை எங்கள் தெரு வழியாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். பெட்டியின் மேல் சிலுவை. பின்னால் பாட்டு. எங்கள் வீட்டுக்கு எதிரே எங்கள் ஆட்கள் மறித்தார்கள். பேச்சு தடித்தது. சித்தப்பா தொட்டியிலிருந்து ஒரு கட்டையை எடுத்துவந்து அடித்தார். தேவநேசன் அண்ணனின் இடது கை முறிந்தது. பெட்டி சேற்றில் இறங்கியது. பாட்டு நின்றது.

அப்பா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். போலீஸ் வந்து விசாரித்தபோது சித்தப்பா அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"பாக்கலைங்க. உள்ள இருந்தேன்" என்றார் அப்பா.

வாத்தியார் சொல்லுக்கு மேல் என்ன? வழக்கு அங்கேயே அமுங்கியது.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று எங்கள் வரிசை எழுந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. சபை மூப்பர், வேதபாடம் வாசிப்பவரான அவர், கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதமும் அப்படியே. மாதங்கள் வருஷங்களாயின. மூப்பர் பொறுப்பைத் தாமே விட்டார். ஆராதனைக்கு மட்டும் ஒரு வாரமும் தவறவில்லை. "இன்னா பாவம் பண்ணாரோ மனுசன், திராட்ச ரசத்தக் கண்டாலே நடுங்குறாரு" என்று எங்கள் காதுபடவே பேசினார்கள். சித்தப்பா தவறாமல் போய் வாங்கிக்கொண்டு வந்தார். திரும்பும்போது அப்பாவைப் பார்க்கமாட்டார்.

பிறகு என் தங்கைக்கு வேலூரில் வரன் அமைந்தது. ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். திருவிருந்து ஞாயிறன்று சம்பந்தி வீட்டார் வந்து முன்வரிசையில் உட்காருவதாகச் செய்தி வந்ததும் அம்மா கலங்கிப்போனார்கள்.

"கல்யாணம் முடியறவரைக்கும் எல்லாரு மாதிரியும் போய் வாங்கிட்டு வாங்களேன். ஆண்டவரு கோவிச்சுக்கமாட்டாரு."

"கோவிச்சுக்கினா தாங்கிப்பேன்" என்றார் அப்பா. "அவரு ஒண்ணுமே கேக்காம குடுப்பாரு. அதான் கைநீட்ட முடியல."

அந்த வாரம் ஐயர் ஒப்புரவாகுதலைப் பற்றிப் பிரசங்கித்தார். தேவன் நம்மைத் தேடிவந்து சமாதானம் செய்தார் என்றால், நாம் காயப்படுத்தியவனைத் தேடிப் போகாமல் அவர் முன்னால் காணிக்கையோடு நிற்பது என்ன நியாயம் என்று கேட்டார். அன்று பிற்பகல் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். நானும் கூடவே போனேன். ஏரிக்கரையில் அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

தேவநேசன் அண்ணன் வீட்டு வாசலில் கொத்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். இடது கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை.

"வாங்க வாத்தியாரே. குந்துங்க. தண்ணி குடிப்பீங்களா, இல்ல கேக்கவே கூடாதா?"

அப்பா வாங்கிக் குடித்தார்.

"தண்ணி குடிச்சிட்டா சரியாப்பூடுமா?"

"சரியாவாதுப்பா. நான் பார்த்தேன். பாக்கலைனு சொன்னேன். அன்னியிலருந்து ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கினே இருக்கேன்."

"அவருக்கா கை ஒடைஞ்சுது?"

உள்ளே அண்ணி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினார்.

"எங்க அப்பன் பொட்டி நாலு பேரு பாக்க சேத்துல கெடந்துச்சு. நீங்க இங்க வந்து குசுகுசுனு சொல்லிட்டுப் போனா உங்களுக்கு மனசு லேசாவும். எனக்கு? நாலு பேரு பாக்கவே சொல்லுங்க."

"சொன்னா என் தம்பி உள்ள போவான். பொண்ணு கல்யாணம் நின்னாலும் நின்னுடும்."

"அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கரண்டியைக் கழுவத் தொடங்கினார்.

எப்படியோ சேதி எட்டி, திருவிருந்துக்கு முந்தின நாள் சித்தப்பா வந்தார். உட்காரவில்லை.

"நாளைக்கு வாயத் தொறக்கப் போறியாமே? என் புள்ளைங்கள யாரு பாப்பாங்க?"

"நான் பாப்பேன்."

"உன் பொண்ணு?"

அடுப்படியிலிருந்து தங்கை சொன்னாள்: "எனக்காக யாரும் வாய மூடவேணாம் சித்தப்பா."

"கூடப் பொறந்தவன் வேணாம், அவன் வேணும் உனக்கு. அப்படித்தானே அண்ணா?"

"ரெண்டு பேரும் வேணும்டா. அதான் கஷ்டமா இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை. வேலூர்க்காரர்கள் முன்வரிசையில். வெளியே பஸ் ஹாரன்கள்; உள்ளே விசிறிச் சத்தம். ஐயர் திருவிருந்துக்கு அழைத்ததும் எங்கள் வரிசை அசைந்தது. அப்பா எழுந்தார். முன்னால் போகவில்லை, பின்வரிசைகளைப் பார்த்துத் திரும்பி நின்றார். "தேவநேசனை அடிச்சது என் தம்பி. நான் என் கண்ணால பார்த்தேன். போலீஸ்கிட்ட பொய் சொன்னேன். நாளைக்குப் போய் உண்மையச் சொல்லப் போறேன்" என்றார். இருபது வருடம் வகுப்பறையில் ஒலித்த குரல் அன்று சல்லடையில் சலித்ததுபோல் வந்தது. பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்துகொண்டதுதான் எங்களைக் கொன்றது. சொன்ன பிறகும் அவர் போகத் துணியவில்லை.

சித்தப்பா பக்கக் கதவு வழியே வெளியேறினார். அப்போது பின்னாலிருந்து காலடிச் சத்தம். தேவநேசன் அண்ணன், முறை வராமலே, நடு வழியில் நடந்து வந்தார். அப்பாவின் பக்கத்தில் நின்றார்.

"எழுந்திருங்க வாத்தியாரே. எனக்கு ஒண்ணும் ஆறிடல. ஆனா வாங்க."

இருவரும் அருகருகே முழங்காலிட்டார்கள். ஐயர் பாத்திரத்தை முதலில் அவருக்குக் கொடுத்தார், பிறகு அப்பாவுக்கு. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அன்றைக்குத் திருவிருந்து எடுக்காமலே வெளியே போனார்கள். சம்பந்தியும் போனார். கல்யாணம் நின்றது.

அப்பா சொன்னபடி சாட்சி சொன்னார். சித்தப்பா சிறைக்குப் போய் வந்தார். அதுவரை அவர் பிள்ளைகள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். திரும்பி வந்த அன்றே அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் ஒரே தெருவில் இருந்தும் அப்பாவோடு ஒரு வார்த்தை இல்லை. ஆலயத்தில் இடங்கள் மெதுவாக, முணுமுணுப்போடு, கலந்தன. இன்னும் முழுதாகக் கலந்துவிடவில்லை. தங்கை ஆசிரியையாகி, தனக்குப் பிடித்தவரைப் பிறகு மணந்தாள்.

கடைசி நாட்களில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும், "தம்பியா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லச் சொல்ல எங்களுக்கு வாய் கூசியது. அப்படிக் கேட்டுக்கொண்டேதான் கண் மூடினார்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த தேவநேசன் அண்ணன் குடும்பத்துக்கும், வீடு தேடிவந்து ஜெபித்த ஐயருக்கும், அடக்கத்துக்கு வந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பா, உங்களுக்கு இந்த மலரை ஆள் மூலம் அனுப்பப் போவதில்லை. நினைவு ஆராதனை அன்று காலையில் அம்மாவும் நானும் விறகுத் தொட்டிக்கே கொண்டுவருகிறோம். தேவநேசன் அண்ணனும் வருகிறார். எனக்குப் பயம்தான். "சித்தப்பா கதவத் தொறக்கலன்னா இன்னா பண்றது அண்ணே?" என்று நேற்று அவரிடம் கேட்டேன்.

"வெளிய குந்தினு இருப்போம்" என்றார். "அன்னிக்கு நான் வேல எதுவும் ஒத்துக்கல."