ஒருதரம்தான் கேட்பார்கள்

பாலையூற்று மாதா கோயிலில் கலியாணம் என்றால் கேக் தினுஷா அடித்ததாகத்தான் இருக்கும். தகப்பன் ஹெக்டர் துறைமுக வாசலில் காவல் வேலை. தாய் அருள்மலர் வீட்டோடு. பெரிய ஹோட்டல் ஒன்றின் குசினியில், கேக் பகுதியில் நிற்க வேண்டும் என்பதுதான் பிள்ளையின் ஆசை. வேறொன்றையும் அவள் மாதாவிடம் கேட்டதில்லை.

அதற்காகத்தான் ஹோட்டல் படிப்புப் படித்தாள். அமெரிக்காவில் ஒரு வருடப் பயிற்சி கிடைத்தபோது வீடே தலைகால் தெரியாமல் துள்ளியது. போகுமுன் கொழும்பில் வகுப்பு வைத்து, குளிருக்கு எப்படி உடுப்பது, வங்கியில் எப்படிக் கதைப்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் ஒரு நாசமாய்ப் போவானும் சொல்லவில்லை.

நியூயோர்க் மாதிரி ஏதோ என்று நினைத்துப் போனவளை வடக்கு டகோட்டாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஒரு நெடுஞ்சாலை, ஒரு பெற்றோல் கடை, ஒரு ஹோட்டல். மிச்சமெல்லாம் வெறும் வெளி. திரும்பின பக்கமெல்லாம் கடலைக் கண்டு வளர்ந்தவள் அங்கே கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பஸ் என்ற பேச்சே இல்லை. ஆனால் சனம் நல்ல சனம், பொய் சொல்லக்கூடாது.

வந்த கிழமையே தலைமைச் சமையற்காரர் டேல் அவளைக் கூப்பிட்டார். கேக் பகுதியில் பயிற்சிக்கு ஓர் இடம் இருக்கிறது, விருப்பமா என்று கேட்டார். நெஞ்சு ஓம் ஓம் என்று அடித்துக்கொண்டது. வாய் என்ன சொன்னது தெரியுமா?

“ஐயோ, வேண்டாம் சேர். எனக்கு அவ்வளவு தெரியாது.”

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்றால் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாம் தரம் கேட்பார்கள், மூன்றாம் தரம் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்துவார்கள். எடுத்த எடுப்பில் ஓம் என்கிறவளைக் காணாததைக் கண்டவள் என்பார்கள். அருள்மலர் மகளை அப்படித்தான் வளர்த்திருந்தாள். டேல் “சரி” என்று சிரித்துவிட்டுப் போனார். திரும்பி வருவார் என்று தினுஷா அந்த இடத்திலேயே நின்றாள். மனுசன் வரவேயில்லை. அந்த இடம் முட்டை உடைக்கவும் தெரியாத ஒரு பிரேசில் பெடியனுக்குப் போனது. அவளைத் துணி வெளுக்கும் லோண்டறிக்கு அனுப்பினார்கள்.

“அம்மா, அவர் திரும்பிக் கேக்கேல்லை,” என்று போனில் அழுதாள்.

“கேப்பார் பிள்ளை, கொஞ்சம் பொறு. நாங்களாப் போய்க் கேக்கிறது மரியாதையோ?”

பொறுத்தாள். குளிர்காலம் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே பொறுத்தாள். கடைசியில் தாங்க ஏலாமல் டேலிடம் போய்க் கேட்டபோது அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். “நீதானே வேண்டாம் என்றாய்?” அவரிடம் கோபம்கூட இல்லை. இருந்திருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம். அன்றிரவு கட்டிலில் கிடந்து, என்னைப் போல ஒரு மடைச்சி உலகத்தில் இருப்பாளா என்று தன்னையே திட்டினாள்.

அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் ஓம்தான். காரில் வருகிறாயா? ஓம். சூப் வேண்டுமா? ஓம். கேட்டவர் வாய் மூடுமுன் ஓம்.

வருடம் முடிந்து ஊர் வந்தாள். உப்புவெளியில் புதிதாகத் திறந்த ஹோட்டலுக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத்துக்குப் போனாள். முகாமையாளர் சிந்துஜன் இந்த ஊர்க்காரர்தான்.

“அமெரிக்காவில குசினியில நிண்டனீங்களோ?”

“இல்லை சேர், லோண்டறியில.”

“ஓ...” கொஞ்சம் யோசித்தார். “எங்கட லோண்டறிக்கும் ஒரு ஆள் தேவைதான். வாறீங்களோ?”

“ஓம் சேர்.”

வாய் முந்திவிட்டது. சிந்துஜன் முகம் மலர்ந்து போயிற்று.

“நல்லதாப் போச்சு! நீங்கள் மாட்டன் எண்டுவீங்கள், பிறகு கேக் பகுதியைக் கேப்பம் எண்டெல்லோ இருந்தனான். என்ர தங்கச்சியிட கலியாணத்தில உங்கட கேக்தான் சாப்பிட்டனான்.”

தினுஷா கதிரையின் நுனிக்கு வந்தாள். “சேர், கேக் பகுதி எண்டால் எனக்கு இன்னும்...”

“சேச்சே, எனக்காகச் சொல்லாதீங்கோ பிள்ளை. இவ்வளவு கெதியா ஆர் ஓம் எண்டுவினம்? உங்களுக்கு எதில விருப்பம் எண்டு எனக்கு விளங்கீட்டுது.” அவர் வாசல் பக்கம் திரும்பினார். “கேக் பகுதிக்கு வந்த மற்றப் பிள்ளையை உள்ள வரச் சொல்லுங்கோ.”

வெளியே வேப்பமரத்தடியில் ஹெக்டர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன பிள்ளை, கிடைச்சுதோ?”

“ஓம் அப்பா.”

“மாதாவே!” என்று அந்த மனுசன் சிலுவை போட்டுக்கொண்டார். அவள் சைக்கிளின் பின்னால் ஏறி இருந்தாள்.