நாத்தனார் வீட்டுச் சுவரில் ஓர் ஓட்டை

இன்று மாலை பாயான் பாரு என்கிற ஊரில் நாத்தனார் மாலதியின் புது வீட்டுக்குப் போயிருந்தேன்.

சுவரில் மூடி போட்ட ஓர் ஓட்டை. அதில் நீளமான குழாயைச் செருகித் தரையில் இழுத்தாள். வெளியே ஏதோ உறும, தூசியெல்லாம் சுவருக்குள் ஓடி மறைந்தது.

“எங்க போவுது?”

“வீடு கட்டும்போதே சுவருக்குள்ள பைப் வச்சிட்டோம், அண்ணி. உறிஞ்சுற மோட்டாரும் தூசி சேர்ற டிரம்மும் கார் போர்ச்சுல இருக்கு. நேரா அங்க போயிரும் லா.”

எங்கள் ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் முதுகு ஒடியக் கூட்டுகிற எனக்கு வயிறு எரிந்தது. ஒரு குறையாவது சொல்லாமல் கிளம்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

“விளக்கு வச்சப்புறம் கூட்டித் தள்ளுனா லட்சுமி வெளிய போயிரும்னு தெரியாதா?”

“டிரம் எங்க வீட்டு கேட்டுக்குள்ளதானே இருக்கு, அண்ணி? காலையிலதான் கொட்டுவேன்.”

அதற்கும் பதில் வைத்திருக்கிறாள்!

வீட்டுக்கு வந்தால் தரையெங்கும் முறுக்குத் தூள். “கூட்டலையா?” என்றார் கணவர். “விளக்கு வச்சாச்சு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் துடைப்பச் சத்தத்துக்கே கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுகிற மகாலட்சுமி, மாலதி வீட்டு மோட்டார் சத்தத்துக்கு மட்டும் எப்படி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்?