நாலு ஏற்றம், நாலு இறக்கம்

வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபதுக்குப் பள்ளிமுனைக் கரையில் நின்றோம், நானும் மனைவி திரேசாவும். எங்களுக்காகப் பேசி வைத்திருந்த படகு முழங்கால் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. பதினெட்டரை அடி நீளமுள்ள பைபர் கிளாஸ் படகு, இருபத்தைந்து குதிரைவலு எஞ்சின், மூன்று மிதவை அங்கிகள். அதில் ஒன்றின் சிப் பழுது. நாள் வாடகை பதினையாயிரம் ரூபாய், மண்ணெண்ணெய் எங்கள் செலவு. ஓட்டி அன்ரன், நாற்பது நாற்பத்திரண்டு வயதுக்காரர், பேசாலையில் பிறந்து பள்ளிமுனையில் கல்யாணம் கட்டியவர்.

வழி இதுதான். பள்ளிமுனையிலிருந்து தீவின் வடகரையோரமாகப் பேசாலை, அங்கிருந்து தலைமன்னார், தீவின் நுனியைச் சுற்றித் தென்கரையில் தாழ்வுபாடு, பிறகு குடாவைக் குறுக்கே கடந்து பெருநிலத்திலுள்ள வங்காலை. அன்ரனின் கணக்கில் எல்லாமாக எழுபது கிலோமீற்றர். ஒரு நாளில் ஓடி முடிக்கலாம். நாங்கள் ஐந்து நாள் எடுத்தோம். ஊர் பார்க்க, மீன் தின்ன, அவசரமில்லாமல் இருக்கப் புறப்பட்டவர்கள் நாங்கள்.

அவசரமில்லையே தவிர, பயணத்தில் ஒரு பந்தயம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் திரேசா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடது இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அன்று முதல், கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருக்கும் எங்கள் மகள் ஜெசிந்தா, அடம்பனில் உள்ள எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாலாம் மாடி வீடு. எங்களுக்கென்று ஓர் அறையும் ஒதுக்கி வைத்திருக்கிறாள். படகுப் பயணம் என்று கேள்விப்பட்டதும் தொலைபேசியில் சத்தம் போட்டாள்.

"அம்மா, உங்களுக்கு பஸ்ஸில ஏறவே ஆள் வேணும். போட்டில ஆர் ஏத்துறது?"

"நானே ஏறுவன்."

"சரி, ஏறுங்கோ பாப்பம். நாலு தரம் ஏறி நாலு தரம் இறங்கவேணும். ஆரும் தூக்கக் கூடாது. செய்து காட்டினால் நான் இனி வாய் திறக்க மாட்டன். ஒரு தரம் தூக்கினாலும் ஈஸ்டரோட இஞ்ச வந்திடவேணும்."

"ஓம்" என்று திரேசா உடனே சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மகளின் பக்கம்தான் பேசியிருப்பேன். இரவில் அவள் எழும்பி நடக்கும்போதெல்லாம் நான் விழித்துக் காது கொடுத்துக் கிடப்பவன்.

இந்தக் கரைகளில் இறங்குதுறை என்று ஒன்றும் கிடையாது. தண்ணீருக்குள் நடந்து போய்ப் படகின் விளிம்பைத் தாண்டித்தான் ஏற வேண்டும். அதற்காக நான் அடம்பன் தச்சரிடம் மூவாயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்து ஏறி மிதிக்க இரண்டு படி வைத்த மர வாங்கு ஒன்று செய்வித்திருந்தேன். மணலில் புதையாமல் இருக்கக் கால்களின் அடியில் அகலப் பலகை அடித்த வாங்கு. பள்ளிமுனையில் அதைத் தண்ணீரில் வைத்தேன். கையை எடுத்ததும் அது மெதுவாகப் பக்கம் சாய்ந்து, மிதந்து, புறப்பட்டது.

"ஐயா, இது எங்களுக்கு முதல் பேசாலைக்குப் போகப் போகுது" என்றார் அன்ரன்.

நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்து நாலு வருடம் வேலை செய்தவன் நான். மரம் மிதக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்ரன் நீந்திப் போய் அதைப் பிடித்து வந்தார். அதற்குள் திரேசா ஆஸ்பத்திரியில் பழக்கிய விதத்தில், கட்டிலில் ஏறுவதுபோல, படகுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு சிற்றலை படகைத் தாழ்த்திய நேரம் பார்த்து விளிம்பில் குந்திவிட்டாள். பிறகு நல்ல காலை உள்ளே எடுத்துப் போட்டாள். தகடு வைத்த காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஒண்டு" என்றாள்.

பேசாலை வரை ஒன்றேகால் மணி நேர ஓட்டம். வாடைக்காற்று ஓய்ந்து சோளகக் காற்று இன்னும் தொடங்காத மாதம் என்பதால் வடகடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. பல இடங்களில் அடித்தளம் தெரிந்தது. சாதாழைக் கடற்புல் அசைவதையும் நண்டுகள் ஓடுவதையும் பார்த்துக்கொண்டு போகலாம். கரையில் பனைகள், அதற்குப் பின்னால் எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசல். அன்ரன் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, "பாருங்கோ, ஆறுதலாப் பாருங்கோ, காசு குடுத்தனீங்கள் தானே" என்றார். நான் தண்ணீரின் ஆழத்தைத் துடுப்பால் பார்த்தேன். துடுப்பு முழுவதும் நனையவில்லை. கவிழ்ந்தாலும் நின்றுகொள்ளலாம் என்று தெரிந்தபின்தான் கரையைப் பார்க்க மனம் வந்தது.

பேசாலையில் மணல் இறுக்கம். திரேசா ஏறிய முறையைத் தலைகீழாகச் செய்து இறங்கினாள். தவக்காலத்து வெள்ளி, இறைச்சி இல்லை; கரையோடிருந்த வீட்டுக்காரி விளைமீன் சொதியும் இடியப்பமும் தந்தாள். அறைக்கு நாலாயிரம், சாப்பாடு ஆளுக்கு அறுநூறு. பின்னேரம் முழுவதும் கருவாடு காயும் பரண்களுக்கு இடையில் நடந்தோம். அந்த மணத்தில் எனக்குத் தலை இடித்தது. திரேசா ஒரு கிலோ கட்டாக் கருவாடு வாங்கினாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குத் தலைமன்னாரை அடைந்தோம். முன்பு கப்பல் அணைந்த பழைய பாலத்துக்குக் கிழக்கே படகுகள் இழுத்து வைத்திருக்கும் கரையில் சிறிது அலை இருந்தது. அன்ரன் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டார். கரையில் நின்ற அவருடைய மைத்துனர், தடித்த தோளுள்ள மனிதர், உதவிக்கு ஓடி வந்தார். திரேசா விளிம்பில் குந்தி அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைத்துனர் ஒரு கையை முதுகிலும் மறு கையை முழங்காலுக்குக் கீழும் கொடுத்து, ஒரு சொல் கேட்காமல், அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் காய்ந்த மணலில் நிறுத்தினார்.

"என்னை ஆர் உங்களைத் தூக்கச் சொன்னது?"

மைத்துனர் சிரித்தார். "மடத்துச் சிஸ்டர்மாரையும் இப்பிடித்தானம்மா இறக்கிறது. பாரமில்லை."

"பாரத்தையே நான் கேட்டனான்? அன்ரன், போட்டைத் திருப்புங்கோ. நான் ஏறப்போறன்."

"எங்கயம்மா போக?"

"ஒரு இடமும் இல்லை. ஏறிப்போட்டு இறங்கப்போறன்."

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். "இஞ்சேர், விடு" என்றேன் நான். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். அலையில் ஒருமுறை தடுமாறினாள். மைத்துனர் கையை நீட்டி, உடனே நெருப்பைத் தொட்டவர்போல இழுத்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் ஏறினாள். அன்ரன் இருபது மீற்றர் தள்ளிப் போய், படகை ஒருமுறை சுற்றி, புதிதாக வந்தவர்போலக் கரைக்கு வந்தார். அவள் குந்தினாள், அலைக்குக் காத்திருந்தாள், இறங்கினாள். வலைக்காரர் கை தட்டினார்கள்.

"அம்மா, சிஸ்டர்மாரிட்டயும் இனிக் கேட்டிட்டுத்தான்" என்றார் மைத்துனர்.

அன்று பின்னேரம் ஜெசிந்தா என் தொலைபேசிக்கு எடுத்தாள். "உண்மையைச் சொல்லுங்கோ அப்பா. ஆரும் தூக்கினவையோ?"

தூக்கினார்கள் என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்திருக்கும். நாலாம் மாடியில் லிப்ட் உண்டு, பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டு, இரவில் நான் விழித்துக் கிடக்கத் தேவையில்லை. சொல் வாய் வரை வந்தது. ஆனால் திரேசா அந்த நேரம் வெளியே கதிரையில் இருந்து ஈரச் சேலையின் உப்பை உதறிக்கொண்டிருந்தாள். "அம்மாட்டையே கேள் பிள்ளை" என்று தொலைபேசியை அவளிடம் கொடுத்தேன்.

"ஓம், ஒருத்தன் கேக்காமல் தூக்கிப்போட்டான்" என்றாள் அவள். "நான் திருப்பி ஏறி இறங்கினனான். உனக்கு ஒரு ஏற்றம் கூடத் தந்திருக்கிறன்."

மறுபக்கம் நெடுநேரம் வாதாடியது கேட்டது. கடைசியில், "மிச்ச நாலையும் பாப்பம்" என்று மகள் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு படகும் கடலுக்குப் போவதில்லை, அன்ரனும் மறுத்துவிட்டார். பூசைக்குப் போனோம். கொழும்பு ரயில் வந்து நிற்பதைப் பார்த்தோம். வெளிச்சவீட்டைச் சுற்றினோம். பத்து மணிக்கு மேல் வெயிலில் நிற்க முடியவில்லை. திரேசா கால் வீக்கத்துக்கு நல்லெண்ணெய் பூசிக்கொண்டு மாலை வரை படுத்தாள். தைலம், மாத்திரை எல்லாம் கொண்டுபோயிருந்தேன், நீட்டியபோது, "வீக்கம் எனக்கு, பயம் உங்களுக்கு. மாத்திரையை நீங்கள் போடுங்கோ" என்றாள்.

திங்கட்கிழமை நேவிக்காரரின் சோதனைப் பொயின்றில் அடையாள அட்டைகளைக் காட்டிப் பெயர் பதிந்தபின் ஏழு மணிக்கு நுனியைச் சுற்றினோம். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம் பார்க்க வேண்டுமென்றால் அது இதுதான். வடக்கே வெளிறிய பச்சைத் தண்ணீர், தெற்கே கருநீலம், இரண்டுக்கும் நடுவில் வெள்ளை மணல் திட்டுகள் தனுஷ்கோடிப் பக்கம் நோக்கி விட்டு விட்டுக் கிடக்கின்றன. அன்ரன் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, கம்பு ஊன்றிப் படகைத் தள்ளி மணலுக்கு மேலாகக் கடத்தினார். கடற்காகங்கள் ஒரு திட்டு முழுவதையும் மூடியிருந்தன. நான் அவற்றை எண்ணவில்லை. திரேசா என் கையைப் பிடித்திருந்தாள்.

தென்கடல் வேறு கடல். நீளமான அலை. கரையோரம் முழுவதும் காற்றாடிக் கோபுரங்கள். இரண்டு தடவை எண்ணத் தொடங்கி இரண்டு தடவையும் படகு ஆடியதில் கணக்குப் பிழைத்தது. எனக்கு இருமுறை வாந்தி. தாழ்வுபாடு வரை இரண்டரை மணி நேரம் பிடித்தது. அங்கே திரேசா சத்தமில்லாமல் இறங்கினாள். என் வாங்கு அன்ரனுக்கு நல்ல இருக்கையாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார், கொடுத்துவிட்டேன். இரவு கணவாய்க் கறி, பாண். அறை மூவாயிரத்தைந்நூறு.

செவ்வாய், கடைசி நாள். ஒன்பது மணிக்கு ஏறினாள். நாலு ஏற்றமும் முடிந்தது. வங்காலைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். ஆனால் குடாவின் நடுவில் காற்று எழும்பிவிட்டது, தண்ணீர் வற்றும் நேரமும் சேர்ந்துகொண்டது. கரைக்கு எண்பது மீற்றர் இருக்கும்போதே படகின் அடி சேற்றில் உரசி நின்றது.

"இதுக்கு மேல போகாது" என்றார் அன்ரன். "அம்மா, மணல் இல்லை, சேறு. முழங்காலளவுதான் தண்ணி. தண்ணி பெருக்கும் வரைக்கும் இருப்பமா? பின்னேரம் நாலு மணி ஆகும்."

இருப்போம் என்றேன் நான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படகு ஒவ்வொரு அலைக்கும் ஒருமுறை அடியில் குத்தியது. திரேசா கரையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"சேத்துக்குள்ள கால் புதைஞ்சால் என்ன செய்வாய்?" என்றேன்.

"இழுப்பன்."

குந்தினாள், இறங்கினாள். சேறு கணுக்காலை மூடியிருக்க வேண்டும். உடல் ஒரு பக்கம் சரிந்தது. அன்ரனின் துடுப்பை வாங்கி ஊன்றிக்கொண்டாள். துடுப்பை முன்னே ஊன்றுவாள், நல்ல காலை வைப்பாள், மற்றதை இழுத்துச் சேர்ப்பாள், நின்று மூச்சு வாங்குவாள். மூன்று இடத்தில் நெடுநேரம் நின்றாள். ஓர் இடத்தில் அலை பின்னால் அடித்துச் சிதறி மார்பு வரை நனைத்தது. அன்ரன் அவளுக்கு இரண்டு முழம் தள்ளியே நடந்தார், கையை நீட்டவேயில்லை. எண்பது மீற்றரும் கடந்து கரை ஏறினாள். ஏறியதும் குந்தாமல், துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

என் கதை சுருக்கமானது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஆறாவது அடியில் வலது கால் முழங்கால் வரை புதைந்தது, இழுக்கும்போது தொடை பிடித்துக்கொண்டது. அசைய முடியவில்லை. அன்ரன் திரும்பி வந்து, "ஐயா, கேட்டிட்டுத்தான் தூக்கிறன்" என்றார். அவருடைய முதுகில் கரைக்குப் போனேன். வயது எழுபத்து மூன்று, நிறை ஐம்பத்தெட்டுக் கிலோ.

திரேசா சிரித்துக்கொண்டிருந்தாள். கரையில் என்னை இருத்தி, தொடையை உப்புத் தண்ணீரால் தேய்த்து, காலை நீட்டி மடக்கி, பிடிப்பு விடும் வரை மண்ணில் முழங்காலூன்றி இருந்தாள். பிறகுதான் மகளுக்கு எடுத்தாள்.

"எல்லாம் முடிஞ்சுது. எட்டும் நானே. தலைமன்னாரில தூக்கினது ஒண்டுதான், அதை உனக்குச் சொன்னனான்."

"அதை நான் அண்டைக்கே விட்டிட்டன்" என்றாள் மகள். குரல் வேறாக இருந்தது. "கால் எப்பிடி அம்மா?"

"வீக்கம். நடக்கிறன். கொப்பரைத்தான் தூக்கினது."

"என்ன? அப்பாவையோ? அப்ப இனி அப்பாவை ஆர் பாக்கிறது?"

"நான்தான். வேற ஆர்?"

மகள் சிரிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. ஈஸ்டருக்குத் தானே அடம்பனுக்கு வருவதாகச் சொன்னாள்.

வங்காலையிலிருந்து வீட்டுக்கு ஓட்டோ மூவாயிரம் ரூபாய். வழி முழுவதும் வெட்டி முடிந்த வயல்கள், மாடுகள், வாய்க்கால்கள். எங்கள் பக்கத்துத் தண்ணீரை நான் அளந்திருக்கிறேன். குளத்துத் துருசுக் கதவைத் திறந்தால் எவ்வளவு வரும், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியும். கடலைப் பற்றி அப்படி ஒன்றும் சொல்ல முடியாது. போகிறவர்கள் மார்ச், ஏப்ரலில் போங்கள். தலைமன்னார் நுனியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வயதான இருவர் போவதானால், கால் பலமானவர் முதலில் இறங்கி நின்று மற்றவருக்குக் கை கொடுக்க வேண்டும். எங்களில் முதலில் இறங்குவது திரேசா.