மீனுக்குப் பூசிய சிவப்பு

நெயில் பாலிஷ் மூடியைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறுகிறது. எனக்கு அது எண்ணூர் முகத்துவாரத்தின் வாசனை.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. லீவு விட்டால் தூண்டிலோடு முகத்துவாரத்துக்குப் போய்விடுவார். இரை வைக்க மாட்டார். சேவல் இறகைக் கொக்கியில் சுற்றிக் கட்டி, முடிச்சு அவிழாமலிருக்க மேலே நெயில் பாலிஷ் பூசுவார். மழையில் தண்ணீர் டீ நிறத்தில் ஓடும் நாட்களில் இறகு முழுக்கச் சிவப்புதான். "கலங்கின தண்ணில கொடுவா மீனுக்குக் கண்ணு தெரியாது. பளிச்சுனு இருந்தாத்தான் திரும்பிப் பாக்கும்" என்பார். ராயபுரம் ஃபேன்சி ஸ்டோரில் அவர் நிறம் பார்த்துப் பார்த்து வாங்கும்போது, "வூட்டுக்காரம்மா குடுத்து வெச்சவங்க" என்று கடைக்கார அக்கா சிரிப்பாள்.

அம்மா பூசினால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "யாருக்குக் காட்ட மினுக்கினு கீற?" என்று ஒருமுறை கேட்டார். அதோடு அம்மா விட்டுவிட்டாள்.

ஒரு மழைநாளில் அப்பா கை நீளக் கொடுவாவோடு வந்தார். அதன் வாயில் சிவப்பு இறகு இன்னும் தொங்கியது. சாம்பல் தொட்டு மீனைப் பிடித்துச் செதில் சுரண்டிய அம்மாவின் பத்து விரலிலும் அதே சிவப்பு.

அப்பா நின்றுவிட்டார். "இன்னாமே இது?"

அம்மா நிமிரவில்லை. "தண்ணி கலங்கிக் கீதுய்யா. இல்லாங்காட்டி ஒனுக்கு எங்க தெரியப் போவுது?"

என் நகங்களில் பூசிய சிவப்பு காய்ந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருக்கும் கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இன்னும் கலங்கல்தான் போல. மூடியைத் திறந்து இரண்டாம் முறை பூசுகிறேன்.